பச்சைப் பொட்டு வைத்த போல்ட்டுகள்

மாப்ளே,

மூன்று வருடம் கழித்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் போன் எண்ணை அழித்துவிட்டதால்தான் கடிதம். இன்ஜின் விஷயமாக ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பழைய கார் சிறுமலை ஏற்றத்தில் திணறுகிறதென்று டர்போ ஒன்று வாங்கினேன். இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின், கூடுதல் காற்றைத் தள்ளினால் தாங்குமா என்று முதலில் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்து பார்த்தேன். நான்கு சிலிண்டரும் புது வண்டியைப் போல ஒரே அளவு காட்டின. கேஜ்தான் கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். அதே அளவு. குழம்பிப் போய் வால்வு கவரைத் திறந்தேன்.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பச்சை நெயில் பாலிஷ் பொட்டு. இறுக்கி முடித்ததும் அப்படி வைக்கிற ஆள் திண்டுக்கல் வட்டாரத்திலேயே நீ ஒருவன்தான்.

போன வருடம் நான் கால் முறிந்து மதுரையில் நாற்பது நாள் கிடந்தபோதா இன்ஜினைப் பிரித்துப் புதிதாக்கினாய்? வீட்டில் நஸீராவிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? செத்த நேரம் பேசாம இருங்க, வெஞ்சனம் அடிப்பிடிக்குது" என்றாள். அடுப்பையே அவள் பற்றவைத்திருக்கவில்லை.

அன்று மெக்கானிக் ஷெட்டில் அத்தனை பேர் முன்னால் நான் அப்படிச் சொன்ன பிறகும் ஏன் செய்தாய்? எனக்குப் புரியவே இல்லை.

டர்போ பெட்டியிலேயே இருக்கிறது. உள்ளே என்ன பிஸ்டன் போட்டாய், டர்போவின் பூஸ்ட் அழுத்தம் எவ்வளவு தாங்கும் என்பது உனக்குத்தான் தெரியும். நானே இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம்தான். ஆனால் அந்தப் பொட்டுகளின் மேல் ஸ்பேனர் வைக்க மனம் வரவில்லை. வேடசந்தூரிலிருந்து அரை மணி நேரம்தானே. வந்து நீயே மாட்டிக் கொடு.

இப்படிக்கு,
உன் கையில் இன்ஜினைக் கொடுக்கக் கூடாது என்று சொன்னவன்