கறுப்புக்கால், வெளிர்க்கால்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், நடுவில் இரண்டு தடவை இருமினாய், அதனால் பாதிதான் நம்பினேன். அம்மா புதுக் கண்ணாடி வாங்கிவிட்டாள், போட்ட உடனே என்னைப் பார்த்து "இவ்வளவு நரைச்சுப் போச்சா, யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். வீடு இப்படித்தான் ஓடுகிறது.

உன் ஆராய்ச்சிக்குக் கேட்டாயே அந்தக் குருவிக் கணக்கு, அதனால் இங்கே ஒரு கலாட்டாவே நடந்துவிட்டது. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து மரத்தில் தினமும் காலையில் பார்த்து வந்தேன். நீ சொன்ன இரண்டு கதிர்க்குருவியும் ஒரே அச்சு. கட்டைவிரல் அளவு, பாசி நிற முதுகு, மங்கின மஞ்சள் வயிறு, கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு. ஒன்றுக்குக் கால் கறுப்பு, மற்றதுக்கு வைக்கோல் நிறம் என்று எழுதியிருந்தாய். குருவி என்ன, காலைக் காட்டிக்கொண்டா உட்காரும்? பத்து நாள் கழுத்துவலிதான் மிச்சம். அப்புறம் பிடிபட்டது. கறுப்புக்கால் வாலைக் கீழே கீழே அமுக்கிக்கொண்டே இருக்கும், பாட்டும் சுத்தியல் தட்டுகிற மாதிரி இரண்டே ஒலி. வெளிர்க்கால் படியிறங்குகிற மாதிரி மேலிருந்து கீழே இழுத்துப் பாடும் என்றாய், அது மட்டும் கண்ணிலேயே படவில்லை.

நான் அண்ணாந்து நின்றது கேமராவில் விழுந்துவிட்டது. அதில் தொப்பியும் முதுகும்தான் தெரியும். வேலை நேரத்தில் மரத்தை வேடிக்கை பார்த்ததாக மேனேஜர் மெமோ கொடுத்தார், எனக்கு இல்லை, கடிகாரத்துக்கு. என்னோடு கேட்டில் நிற்கிறவர், ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் தாமதமாக வராததால் அந்தப் பெயர். உட்கார நாற்காலி கேட்டதற்கு ஒரு மெமோ, மழைக்கு ஒதுங்கியதற்கு ஒரு மெமோ என்று ஏற்கெனவே இரண்டு வாங்கியவர். இது மூன்றாவது, மூன்று சேர்ந்தால் வேலை போய்விடும். பார்த்தது நான்தான் என்று அவருக்குத் தெரியும், சொல்லவில்லை. ஏன்யா என்று கேட்டேன். "கருங்காலி மரத்துல இருக்கு, கேட்டுல இல்லைய்யா" என்று சிரித்தார். அம்மாவிடம் சொன்னேன். "நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்க, இல்லைன்னா இந்த வீட்டுல சோறு கிடையாது" என்றுவிட்டாள்.

போனேன். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. அது நான்தான் சார் என்றேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானேய்யா இருக்கீங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார், முப்பது அடி உயரத்துல கட்டைவிரல் அளவு குருவியை நான் பிரிச்சுப் பார்க்கிறேன். நாங்க அஞ்சரை அடி ஆளுங்க. ஒம்பது வருஷமா தினம் உங்க காருக்குக் கேட்டைத் திறந்து விடுறோம்" என்றேன். சல்யூட் வைக்கிற கையை மட்டும் பார்த்த மனிதருக்கு முகம் எப்படித் தெரியும்? டைப் அடிக்கிற பெண்மணி ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். மேனேஜர் கடிகாரத்தின் மெமோவைக் கிழித்துவிட்டு எனக்கு ஒன்று எழுதினார். முதல் மெமோ, ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்கிறாள் அம்மா.

மறுநாள் காலையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், ரொம்ப யோசித்து என்னிடம் "நீதானே கடிகாரம்?" என்றார். கார் உள்ளே போனதும் கேட்டை மூட மறந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது கடிகாரம் என் தோளைத் தட்டி, "யோவ், உன் குருவி படி இறங்குதுய்யா" என்றார். பார்த்தேன். தாழ்ந்த கிளை, வைக்கோல் நிறக் கால், வால் அசையவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அண்ணாந்து நின்றோம், கேமரா நன்றாகப் பார்க்கட்டும் என்று.

ஆகவே எழுதிக்கொள்: செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து, வெளிர்க்கால் ஒன்று. இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், அம்மாவின் ஆசியும் உண்டு. ஒன்றை மறக்காதே. பார்த்தவர் என்ற இடத்தில் 'காவலாளிகள்' என்று போட்டுவிடாதே. கடிகாரத்தின் முழுப் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் கேட்டது அவர், அவர் பெயர் மேலே. என் பெயர் கீழே, தனி வரியில்.

உன் அப்பா