மட்டக்குதிரைகளைப் பார்க்கப் போன ஞாயிறுகள்

அக்கா,

இன்று காலை, நகர ஓரத்து ட்ருகனினாவில் என் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் பழைய வேலியைப் பிரித்தார்கள். கம்பியை வெட்டும் சத்தம் கேட்டதும் தேநீரோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நீங்கள் கண்மூடி இது இரண்டாவது குளிர்காலம்.

எழுபதுகளில் இந்தப் பக்கம் வெறும் கல்லும் புல்லும்தான். புல் மண்டி நாட்டுப் பூச்செடிகளை மூடிவிடாமலிருக்கப் பன்னிரண்டு மட்டக்குதிரைகளை மேயவிட்டிருந்தார்கள். லாயமில்லை, மேய்ப்பவருமில்லை. வாரம் ஒருமுறை அவற்றைப் பார்த்துவரும் தொண்டர்களில் நீங்களும் ஒருவர். மதுரையிலிருந்து வந்த நர்ஸ், சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் உயரக் கம்பூட்ஸ் போட்டு நடப்பீர்கள். "எண்ணிட்டு மட்டும் வந்துடாதே, ஒவ்வொண்ணையும் நடக்க வெச்சுப் பாரு" என்பீர்கள்.

நான் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம். அவர் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார். ஞாயிறுகளில் மட்டும், உங்களிடம் தையல் பழக என்று விட்டார். நாம் ஊசியைத் தொட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு பதினொன்றுதான் இருந்தன. காணாமல்போன செங்குதிரை சிவப்பியைப் பள்ளத்தில் கண்டோம். பின்னங்காலில் பழைய வேலிக்கம்பி இறுகிக் கிடந்தது.

"பண்ணை வீட்டுல போய்க் கட்டர் வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் தலையை அமுக்கிப் பிடி. எந்திரிச்சா கால் போயிடும்."

"அக்கா, நாலு மணிக்கு அவர் வீட்டை வந்திடுவார்."

"தெரியும்டி. விட்டுட்டுப் போகலாமா? நீயே சொல்லு."

நான் என் கோட்டால் அதன் கண்ணை மூடி, கழுத்தின் மேல் சாய்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். அது நடுங்கியது. நீங்கள் வந்து வெட்டியதும் எழுந்தது, நொண்டி நொண்டி நடந்தது. அழுதேன்.

எங்கள் வீட்டுவாசலில் அவர் நின்றார்.

"எங்கை போனனீ?"

"குதிரை பாக்கப் போனனான்." அவரிடம் பொய்யில்லாமல் சொன்ன முதல் பதில்.

"இனி இவ இந்த வாசலுக்கு வரக்கூடாது."

நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. "என் வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. இப்பவே வா" என்று என்னிடம் சொன்னீர்கள்.

"நீங்கள் போங்கோ அக்கா" என்றேன். அப்பாவுக்கு என்ன எழுதுவேன்? தன்னை விட்டுப் போனால் என்னை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கணவர் சொல்லியிருந்தார். நம்பினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறும் இல்லை. ஆனால் திங்கட்கிழமைகளில், அவர் வேலைக்குப் போனபின், கதவின் கடிதத் துவாரத்தால் ஒரு துண்டுக் காகிதம் விழும். "சிவப்பிக்கு வீக்கம் குறைவு." "பன்னிரண்டும் நலம்." வாசித்துவிட்டுக் குசினி அடுப்பில் எரிப்பேன். துவாரத்தருகே நின்று ஒருநாளாவது அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம்.

மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை, குசினி யன்னலால் இறங்கி வந்தேன். முதல் நாளிலிருந்தே திறக்கக்கூடிய யன்னல்தான் அது. அதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

உங்கள் வீட்டுக் கதவைத் திறந்த நீங்கள் என் பையை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றீர்கள். ஏன் இவ்வளவு நாள் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகு ஒருபோதும் கேட்கவில்லை.

இப்போது என்னிடமும் வீட்டை விட்டு வெளியேறிய சில பெண்கள் வருகிறார்கள், அக்கா. சிலர் பத்து வருடம் கழித்து, சிலர் பிள்ளைகளோடு. கதவைத் திறக்கும்போது அந்தக் கேள்வி என் வாய்வரை வரும். விழுங்கிவிட்டு, சோறு போடுகிறேன்.