பதினோரு படிவங்களுக்கு ஒரு ஜாமீன்

செப். 9, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெக்கை. கூலிப் பேச்சு போன வாரம் ஒருவழியாக முடிந்து குறுவை அறுப்பு நடக்கிறது. ஆயினும் மிராசுதார்களின் மேலத்தெருவும் கூலியாட்களின் சேரியும் முகம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் அப்படியே. நூலகம் வழக்கம்போல் 4 முதல் 7 வரை.

உறுப்பினர் படிவங்கள் பதினொன்று இன்றும் மேசை இழுப்பறையில். பதினொருவரும் வயல் வேலை செய்வோர். நூலகத்தில் அமர்ந்து படிக்க எவருக்கும் தடையில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்ல, ஊரில் வீட்டு வரி செலுத்தும் ஒருவரின் ஜாமீன் கையொப்பம் வேண்டும். அவர்கள் குடிசைகளோ மிராசுதார் மனையில். வரி ரசீது எங்கிருந்து வரும்?

மிராசுதாரிடம் நானே நேரில் சென்றேன். நாற்காலி போடச் சொன்னார், காப்பி தந்தார். கையொப்பம் மட்டும் தரவில்லை.

“கையெழுத்து போடறது பெருசில்லம்மா. இன்னிக்கி புஸ்தகத்துக்கு ஜாமீன்ம்பாங்க. நாளைக்கி ஸ்டேஷன்ல ஜாமீன்னு வாசல்ல வந்து நிப்பாங்க.”

மற்ற வரிதாரர்களும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுகின்றனர்.

மாலை ஆறுக்கு அஞ்சம்மாள், பதினொருவரில் ஒரே பெண். இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவள். கப்பல் பயண நூல் ஒன்றைப் பத்து நாளாகப் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கிறாள். ஏழுக்குப் பூட்டை எடுத்தேன்.

“ஏன் லைப்ரரியம்மா, கப்பலு நடுக்கடல்ல நிக்கிது, நீங்க பூட்டப் போறேன்னு நிக்கிறீங்களே!”

சிரித்தேன். பூட்டினேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனி, ஞாயிறு தஞ்சையில் மாவட்ட நூலகர் மாநாடு. கட்டுரை வாசிக்க அனுமதி கிடைத்துள்ளது. அதற்குள் வேறு நூலகங்களின் வழக்கத்தை அறிதல் நலம்.

செப். 11, புதன்

காலைப் பேருந்தில் திருத்துறைப்பூண்டி நூலகம். மாலைப் பணிக்குத் திரும்பிவிட்டேன்.

கண்டவை: அட்டவணைப் பெட்டியில் தூசி. தெற்கு ஜன்னல் திறப்பதேயில்லை. பெண்களுக்குத் தனி இருக்கை இல்லை (நம் நூலகத்தில் உண்டு). நாளிதழ் அடுக்கு மட்டும் நேர்த்தி. அந்த முறையை எடுத்துக்கொள்வேன்.

ஜாமீன் பற்றிக் கேட்டேன். அந்நூலகர் குரலைத் தாழ்த்தினார்: “இதையெல்லாம் கேக்கலாமா? தெரிஞ்ச ஆளா இருந்தா துண்டுல சுத்திக் கொடுத்துடுவேன். பேரு எழுத மாட்டேன். படிச்சிட்டு கொண்டாந்து போட்டுடுவாங்க.”

நல்ல மனிதர். ஆனால் அவ்வழி நமக்கு ஆகாது. அஞ்சம்மாள் நூலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்? பதிவேட்டில் பெயர் ஏறட்டும். கையில் பிடித்தபடி மேலத்தெரு வழியே போகட்டும்.

செப். 13, வெள்ளி

வாரவிடுமுறை. ரயிலில் பூதலூர். அங்கும் விடுமுறையே, எனினும் நூலகர் கோவிந்தசாமி எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். என் ஐந்தாம் வகுப்புப் படிப்பையும், பின் தனியாக எழுதித் தேறிய மெட்ரிக், நூலகச் சான்றிதழ் ஆகியவற்றையும் அறிந்தவர். கேலிக்காரர்.

அவரிடம் ஜாமீன் சிக்கலே இல்லை. ரயில்வே ஊழியர்கள் போட்டுவிடுகிறார்களாம். “உங்க ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கேட்டு வாங்கிடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்” என்றார்.

விதியை முழுதும் வாசித்தோம். நூலகரே ஜாமீன் நிற்கக்கூடாது என்று எவ்விடத்தும் இல்லை. நிற்கலாம் என்றும் இல்லை. மேலிடத்து எழுத்து ஒன்று இருந்தால் போதும். கட்டுரையின் கோரிக்கை முடிவாயிற்று. இரவு தஞ்சையில் சித்தி வீட்டில் தங்கல்.

செப். 14, சனி

மாநாடு, முதல் நாள். தோரணம், ஒலிபெருக்கி, ஏராளமான துண்டுகள். வாசலில் ஒரு செயலாளர் என் கையில் பன்னீர்ச் செம்பைத் திணித்தார்.

“லேடீஸ் வந்தா வரவேற்புக்கு நல்லாருக்கும்மா.”

“ஐயா, நான் கட்டுரை வாசிக்க வந்திருக்கிறேன். செம்பைத் தாங்களே பிடித்தாலும் நன்றாகவே இருக்கும்.”

பிடித்தார்.

கட்டுரைக்குப் பத்து நிமிடம் வழங்கப்பெற்றது, எட்டில் முடித்தேன். தொடக்கம்: “கழனியில் கால் பதித்தோர் கரங்களிலும் கல்விக் கருவூலம் கனிக!” மூன்று நாள் செதுக்கிய உரை. எட்டு முறை கைதட்டல், எண்ணினேன். மாவட்ட நூலக அதிகாரி எழுந்து வந்து துண்டு போர்த்தினார்.

“என்னா தமிழும்மா! நாளைக்கி அமைச்சர் வர்றாரு. வரவேற்பு மடல் நீங்கதான் எழுதணும்.”

தலை சற்றே கனத்தது. ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டுப் பந்தியில் கோவிந்தசாமி பக்கத்து இலை.

“நல்லா பேசினீங்க. கடைசி வரைக்கும் கேட்டேன்.”

“நன்றி.”

“ஆமா, என்ன கேட்டீங்க?”

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரும் நின்று என்னைப் பார்த்தார். ஜாமீன் என்ற சொல்லே என் உரையில் இல்லை! “பொறுப்புப் பிணை” என எழுதியிருந்தேன், அதுவும் ஒன்றரைப் பக்க வாக்கியத்தின் நடுவே. கோவிந்தசாமிக்கே எட்டவில்லையெனில் அதிகாரிக்கு எட்டியிருக்குமா?

பிழை என்னுடையது. என் தமிழினுடையதன்று.

மாலையில் மடல் எழுதி முடித்தேன். நன்றாக வந்துள்ளது.

செப். 15, ஞாயிறு

காலையில் தீர்மானங்கள், ஆறு. கரையான் மருந்து, மிதிவண்டி நிறுத்த இடம், கூரை ஒழுக்கு இன்ன பிற. என் கோரிக்கை இல்லை. எழுந்தேன். ஒலிபெருக்கி தரவில்லை, தேவையும் இல்லை.

“ஐயா, எங்கள் ஊரில் பதினோரு கூலிக்காரர்கள் உறுப்பினராக வேண்டும் என்கிறார்கள். வரி ரசீது அவர்களிடம் இல்லை. வரி கட்டுகிறவர்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். நான் ஜாமீன் போடலாமா?”

ஒரு மோனைகூட இல்லை.

அதிகாரி: “இதையா நேத்து சொன்னீங்க?”

“ஆம் ஐயா. எட்டு நிமிடம் சொன்னேன்.”

சிரிப்பு. அவரும் சிரித்தார்.

“புஸ்தகம் திரும்பி வரலேன்னா?”

“என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.”

“கிழிஞ்சி வந்தா?”

“வரி கட்டும் வீடுகளிலிருந்து கிழிந்து வந்தவற்றின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வாசிக்கட்டுமா?”

பின்வரிசையில் பலத்த கைதட்டல். கோவிந்தசாமிதான் தொடங்கினார்.

“யோசிப்போம்மா, உக்காருங்க. பத்தரைக்கு அமைச்சர் வந்துடுவாரு. மடல் எங்க?”

“என் பையில்.”

“கொடுங்க.”

“தங்கள் பேனா தங்கள் சட்டையிலேயே இருக்கிறது ஐயா.”

இது மரியாதைக் குறைவா? இரவு முழுதும் எண்ணினாலும் இல்லை என்பேன். வெற்றுத் தாள் ஒன்றை நீட்டினேன். அவர் வாங்கி எழுதினார்: “நூலகர் தம் பொறுப்பில் ஜாமீன் கையொப்பமிடலாம்.” கையொப்பம், தேதி, முத்திரை. அதன்பின் மடலைக் கொடுத்தேன். அமைச்சர் அதை இருமுறை வாசிக்கச் செய்தாராம். நான் அப்போது ரயிலடியில்.

செப். 17, செவ்வாய்

நல்ல வெயில். பதினோரு படிவங்களிலும் கையொப்பமிட்டேன். ஒன்பதாவதில் கை சற்று நின்றது. ஒரு நூல் தவறினாலும் இந்த மேசை, இந்தச் சாவி, இந்த நாற்காலி எதுவும் எனக்கில்லை. பிறகு பத்தும் பதினொன்றும்.

அஞ்சம்மாள் பதிவேட்டில் பெயர் எழுத வெகுநேரம் ஆயிற்று. பின்னால் நின்றவன், “சீக்கிரம் ஆவட்டும்க்கா, அறுப்பு முடிஞ்சி நடவே வந்துடும்போல” என்றான். “நீ ஒன் பேர ஒழுங்கா எழுது, அப்பறம் பேசு” என்றாள். கப்பல் நூலை உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் மடித்து, அது வெளியே தெரியும்படி இடுப்பில் அணைத்துக்கொண்டு போனாள். மேலத்தெரு வழியாகவே.

செப். 19, வியாழன்

மேகமூட்டம். நான்கு மணிக்குத் திறக்கும் முன்பே வாசலில் அஞ்சம்மாள்.

“முடிச்சாச்சி லைப்ரரியம்மா. கப்பலு கரைக்கி வரல, அதுக்குள்ள புஸ்தகம் தீந்து போச்சி. பாக்கி எங்க?”

அட்டை, தையல், பக்கங்கள் சோதித்தேன். ஒரு கறையும் இல்லை.

அந்நேரம் மிராசுதாரின் பண்ணையைக் கவனிக்கும் காரியக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே:

“அய்யா கேட்டுட்டு வரச் சொன்னாரு. இவுங்களுக்கெல்லாம் ஜாமீன் நிக்கிறது யாருன்னு.”

“நான்.”

“அப்படியே போய்ச் சொல்லிடவா?”

“வாய்ச்சொல் வேண்டாம், சற்றுப் பொறுங்கள்.” தாள் எடுத்து என் முழுப் பெயர், பதவி, பதினோரு உறுப்பினர் எண்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, நூலக முத்திரையும் இட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சைக்கிள் மேலத்தெருப் பக்கம் திரும்பியது.

இரண்டாம் பாகம் மூன்றாவது அலமாரியில், மேல்தட்டில். ஏணி போட்டு எடுத்தேன்.