நீலப் புத்தகம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் மருமகள் உன்னைப் போலவே காலையில் எழுப்பினால் சண்டைக்கு வருகிறாள்.

மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டார்கள். பதிவுப் பிரிவில் எல்லோருக்கும் மூன்று மாதத்தில் தேர்வு. தேறாதவர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார் மேலாளர். உன் அத்தான் போன பிறகு இந்தச் சம்பளத்தில்தான் எங்கள் பிழைப்பு என்று உனக்குத் தெரியும்.

புத்தகக் கடைக்காரர் இந்த டேட்டாபேஸைப் பற்றி ஒரு நீலப் புத்தகத்தைக் காட்டுகிறார். கூட வேலை செய்கிறவள் அறுபது மணி நேர வீடியோவை வாங்கச் சொல்கிறாள். டேட்டாபேஸ் கம்பெனி கொடுத்த கையேடு தலைக்கு வைத்துப் படுக்கிற தடிமன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறவன் நீ, எதைப் படிக்கட்டும்? போன் செய்தால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். எழுதியாவது அனுப்பு, மகாராஜா.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

வீடியோ தூங்குவதற்கு நல்லது. கையேட்டை எழுதினவனே படித்திருக்க மாட்டான். நீலப் புத்தகத்தையே வாங்கு. முதல் இரண்டு பாடமும் அதைக் கம்ப்யூட்டரில் எப்படி நிறுவுவது என்கிற கதை. உன் ஆபீஸில்தான் ஏற்கெனவே இருக்கிறதே, விட்டுவிடு. சும்மா வாசிக்காதே, ஒவ்வொரு பயிற்சியையும் அடித்துப் பார்.

இங்கே பதவி உயர்வுப் பேச்சு நடக்கிறது. மூச்சுவிட நேரமில்லை.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,



ஐந்தாம் பாடத்தில், ஒரு பட்டியலில் ஒரு கட்டத்தை மொத்தமாகக் காலியாக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அடித்தேன். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று குறித்திருந்த கட்டம் முழுக்க அழிந்துபோனது. திரும்பக் கொண்டுவர நான்கு மணி நேரம். அதற்குள் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். அவர் இறந்துவிட்டார்.

பயிற்சிக்கென்று தனியாக ஒரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் இரண்டாம் பாடமே இருக்கிறது. இப்போதுதான் படித்தேன்.

மே மூன்றாம் தேதி விசாரணை. நீதான் அப்படிப் படிக்கச் சொன்னாய் என்று வந்து ஒரு வார்த்தை சொல்லேன். வேலையாவது மிஞ்சும்.

அக்கா

ஏப்ரல் 26

அக்கா,

மனசு ஆறவில்லை. ஆனால் நிஜ விவரத்தில் யாராவது கைவைப்பார்களா? அந்தப் புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை, நாலு பேர் பாராட்டியிருந்ததைப் பார்த்துச் சொன்னேன். இந்த நேரத்தில் என் பெயர் இதில் அடிபட்டால் இங்கே எல்லாம் போய்விடும். என் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கிழித்துவிடு.

தம்பி

மே 4

தம்பிக்கு,

கடிதத்தைக் காட்டவில்லை. நானாகத்தான் இரண்டு பாடத்தையும் விட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விட்டது.

வெளியே பெஞ்சில் அந்த ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை அவருக்கும் வாசித்துக் காட்டியிருந்தார்கள். நாலு வார்த்தை திட்டட்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஏம்மா, இதெல்லாம் சரியா சொல்லிக்குடுக்க உனக்குன்னு யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.