டேப் ஒட்டிய இடம்

மச்சான்,

இன்று செந்தூலில் ஒரு கல்யாண விருந்து. புறப்படுமுன் தந்தியைத் துடைக்கலாம் என்று உன் கிட்டார்ப் பெட்டியைத் திறந்தேன். குப்பென்று தைல வாசம். தோள் வலிக்கு நீ பூசிக்கொள்வாயே, அதே தைலம். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, அந்த வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. பெட்டி மூலையில் உன் டேப் உருளை, பாதி தீர்ந்த நிலையில். மூடிவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கிட்டாரை நீ வாங்கிய அன்று உன்கூட வந்தவன் நான்தான். கடையில் பேர்போன கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றுவிடாமல் எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, யாரும் கேள்விப்படாத பேருள்ள இதைத் தூக்கிக்கொண்டாய். நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் உள்ளே வெற்றிடம். மேடையில் வாசித்துப் பிழைக்கிறவன் வாங்குகிற சாமானா இது என்று எனக்கு எரிச்சல். மற்ற பேண்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? "என்ன மச்சான், பாசார் மாலாம்ல வாங்குனியா?" என்று, அதை இரவுச் சந்தைச் சரக்காக்கிச் சிரித்தார்கள். நீ கோபப்படவே இல்லை.

"பேரு பெருசா இருந்தா அதுதான் பேசும் லா. இது நான் பேசுறத கேக்குது."

கேட்டது, சரி. ஆனால் தப்பான இடத்தில் நின்றால் ஊளையிட்டதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆம்ப் ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் அதன் வெற்று வயிற்றுக்குள் புகுந்து கத்த ஆரம்பித்துவிடும். சரியான இடத்தில் நின்றாலோ, தொட்ட சுரம் அடங்காமல் பாடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்காக ஒவ்வொரு மண்டபத்திலும் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வருவாய். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் வந்து, "அவரு என்னத்த தொலைச்சிட்டாரு?" என்று கேட்டார். இடம் கிடைத்ததும் டேப்பைக் கிழித்துத் தரையில் ஒட்டுவாய். அதற்குப் பிறகு உன்னை அங்கிருந்து யாராலும் அசைக்க முடியாது.

உன் மகளுக்கு நிச்சயமானபோது நீ ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தாய். "புள்ள மண்டபத்துக்குள்ள வரும்போது பாட்டெல்லாம் வேணாம் மச்சான். ஒரே சுரத்த புடிச்சுகிட்டு நிப்பேன். அவ மேடைக்கு வந்து சேர்ற வரைக்கும் விடமாட்டேன்," என்றாய். தண்ணீர்க் குவளையைப் பிடிக்கக்கூட அந்தக் கையில் தெம்பில்லை. அதைப் பார்த்துக்கொண்டே "சரி லா" என்றேன்.

பக்கத்தில் நின்று கேட்டவள், நீ போன பிறகும் அதை மறக்கவில்லை. "அங்கிள், அப்பா கிட்டார்ல அந்தச் சுரத்த நீங்க வாசிங்க," என்று வந்து நின்றாள். நம் பேண்டில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். ஆனாலும் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

போன மாதம், கிள்ளான் மண்டபத்தில் அவளுடைய கல்யாண விருந்து. நீ ஒட்டிய டேப் அந்த மேடையில் ஓரம் கறுத்து இன்னும் இருக்கிறது. விருந்தாளிகள் வருமுன் அதன்மேல் போய் நின்றேன். தந்தியைத் தொட்டதுதான் தாமதம், கிட்டார் ஊளையிட்டது. மேசைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டு முறைத்தார்.

"அண்ணே, அங்க நிக்காதீங்க," என்றார் சவுண்டுக்காரர். "பின்னாடி பெரிய ஸ்கிரீன் வச்சிட்டாங்க. ஆம்ப ஓரத்துக்குத் தள்ளியாச்சு."

நீ நின்ற இடம் இனி வேலைக்காகாது. உன்னைப் போலவே நானும் மேடையைச் சுற்றினேன். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளை வரும்போது இது ஊளையிட்டால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்? கடைசியில் சுரம் எங்கே நின்றது தெரியுமா? மேடை ஓரத்துத் துணித்திரைக்குப் பின்னால்.

"அங்க நின்னா ஆளே தெரியாதே அண்ணே," என்றார் சவுண்டுக்காரர்.

"சத்தம் கேட்டா போதும்."

கதவு திறந்தது. அந்த ஒரு சுரத்தைத் தொட்டேன். எழும்பியது, அப்படியே நின்றது. திரை இடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உன் மகள் நடந்து வந்தாள். மேடையில் நீ வழக்கமாக நிற்கும் இடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே யாருமில்லை. நான் அழுதுவிட்டேன். சுரம் மட்டும் நடுங்கவில்லை. அவள் மேடையேறும் வரை உன் கிட்டார் விடவில்லை, மச்சான்.

சாப்பாட்டுக்கு நடுவில் என்னைத் தேடி வந்தாள். "எங்க அங்கிள் நின்னீங்க?" திரையைக் காட்டினேன். அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. அப்பா இடத்துல வேற யாரையாவது பாத்திருந்தா, என்னால நடந்திருக்க முடியாது அங்கிள்."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது சரிதான்.

கிட்டாரை உன் மனைவி என்னிடமே கொடுத்துவிட்டாள். "வீட்டுல சும்மா கெடந்தா எனக்குத் தாங்காதுண்ணே," என்றாள். ஆகவே மண்டபம் மண்டபமாக நானும் இதை மாட்டிக்கொண்டு மேடையைச் சுற்றுகிறேன். பார்க்கிறவர்கள் என்ன தொலைத்தேன் என்று என்னிடமும் கேட்கிறார்கள். செந்தூல் மண்டபத்திலும் ஏதோ ஓர் ஓரத்தில் நீ ஒட்டிய டேப் இருக்கும். எனக்கான இடத்தை நான் தேடிக்கொள்வேன். அந்த டேப்பை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவேன்.