துடக்கு வீட்டுப் பாண்

என் அன்பு அப்பா,

பாண் வேகிற போறணை எரிகிறது. நான் வேறு எதைச் சொல்ல வாயெடுத்தாலும் நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள், அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன். நீங்கள் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த மறுநாளே விறகடுக்கிப் பற்றவைத்துவிட்டேன். வழக்கம்போல வேலைக்கு வந்த மணியண்ணை மா குழைத்தார், நான் தட்டுகளை உள்ளே தள்ளினேன். இந்தக் கடிதத்தையும் ஒரு தட்டு வேகிற இடைவெளியில்தான் எழுதுகிறேன். ஆங்காங்கே மா ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாவுத் துடக்குக் கழியும் வரைக்கும் எங்கள் கையால் ஆக்கியதை ஊர் வாயில் வைக்காது என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் படலையடியில் நின்றே சத்தம் போட்டார்.

"ஆர் வாங்குவினம் துடக்கு வீட்டுப் பாண்? உனக்கென்ன விசரே?"

"அப்பா இருந்தால் மூண்டாம் நாளே மா குழைச்சிருப்பார் சித்தப்பா."

"கொப்பர் இருந்தால் துடக்கு ஏன் வருது?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. செத்தவீட்டுக்காரி முற்றத்தில் நின்று சிரித்தால் அதுவும் ஒரு கதையாகிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

அவருக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியான காரணங்கள்தான். அச்சுவேலிப் பக்கமிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ இப்போது எங்கள் ஒழுங்கைக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஒரு மாதம் பூட்டி வைத்தால் ஆட்கள் அந்தப் பாட்டுக்குப் பழகிவிடுவார்கள். மணியண்ணையின் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். ஆனால் உண்மை வேறு, அப்பா. எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கதிரையில் இருந்து, தேத்தண்ணீரைக் குடித்து, ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "எண்பத்தைஞ்சு வயசு. பிள்ளையளின்ரை கையிலை போனவர். நல்ல சாவு." அந்த 'நல்ல சாவு' என்ற சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து எங்கேயாவது ஓடவேண்டும் போலிருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

முதல் நாள் ஒருவரும் வாங்கவில்லை. துடக்கு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவும் இல்லை, எங்கள் சனம் எவ்வளவு நாகரிகமான சனம்! "வீட்டிலை நேத்தையான் பாண் கிடக்குது பிள்ளை" என்றார்கள். "இண்டைக்குப் புட்டு அவிச்சிட்டன்" என்றார்கள். பிறகு அந்த ஓட்டோ வந்து எங்கள் மதிலோரமாகவே நிற்க, அதே ஆட்கள் போய் அதில் வாங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாட்டுப் பெட்டியைப் பிடுங்கிப் போறணைக்குள் போட்டிருப்பேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மிஞ்சின பாண் முழுவதும் மாட்டுக்குப் போனது.

மூன்றாம் நாள் பூமணி மாமி வந்தா.

ஓம் அப்பா, பூமணி மாமிதான். ஒழுங்கை திரும்புகிற முடக்கு வீட்டுப் பூமணி மாமி. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எங்கள் கடை வாசலை மிதிக்காதவ, எங்கள் பாண் வாசம் தன் வீட்டுக்குள் வந்தால் யன்னலைச் சாத்துகிறவ, குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றா.

"ஒரு றாத்தல் பாண் தா பிள்ளை."

ஊர் முழுக்க மூடி மறைத்ததை நானே வாய்விட்டுச் சொன்னேன். "மாமி, இது துடக்கு வீடு."

"தெரியும். எனக்கென்னடி துடக்கு? என்ரை பிள்ளைக்கு நான் துடக்குக் காத்தனானோ? காக்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. அது அப்பிடியே நிக்குது." பாணை வாங்கிப் பைக்குள் வைத்தா. "உன்ரை கொப்பரிட்டை வாங்கமாட்டன் எண்டு இருந்தனான். இப்ப உன்னட்டைத்தான் வாங்கிறன். அது வேறை, இது வேறை."

அவ பாணோடு போவதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பூமணியே வாங்குகிறா, எங்களுக்கென்ன என்று நினைத்திருப்பார்கள். ஆக, உங்கள் கடையை இன்று திறந்து வைத்திருப்பது பூமணி மாமி. இதை நான் எந்த முகத்தோடு உங்களிடம் சொல்வது?

இதை அச்சில் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், காதைப் பொத்திக்கொள்ளுங்கள், புகழ்ந்தால் உங்களுக்குப் பிடிக்காது. நீங்கள் இளம் வயதில் இலங்கை இராணுவத்தில் சமையல் செய்கிற குசினிக்காரராக இருந்தவர். தியத்தலாவை மலைக்குளிரில் பாண் போடப் பழகினீர்கள். ஊருக்குத் திரும்பிவந்து நீங்களே செங்கல் அடுக்கிப் போறணை கட்டினீர்கள். சவரம் செய்யாமல் மாவில் கை வைக்கமாட்டீர்கள். கை சுட்டால் சிங்களத்தில்தான் ஏசுவீர்கள். மணியண்ணை பிந்தி வந்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் அவரைப் பார்த்தபடி நிற்பீர்கள், அந்த மனுசன் தானாகவே நேராக நிமிர்ந்து நிற்பார். ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் கள்ளு விட்டுப் புளிக்கவைத்துப் பாண் போட்டீர்கள். அந்த நாட்களில் சித்தப்பாவுக்குப் பாணில் இருந்த பற்று எங்களுக்கு நல்ல நினைவு. ஊர் உங்களைப் பட்டாளத்தார் என்று கூப்பிட்டது. பிறகு நிசமான பட்டாளம் வந்து சந்தியில் முகாம் போட்டபோது, அதே பெயரைக் குரல் தாழ்த்திச் சொன்னது.

முகாமுக்குப் பாண் வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்று சொல்கிற காலமா அது? சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தினமும் போனீர்கள். போகிற வழியில் அவர்கள் யாரையாவது மறித்து வைத்திருந்தால் சிங்களத்தில் கதைத்து எடுத்துவிட்டும் இருக்கிறீர்கள். அப்படி வந்தவர்களில் சிலர் உங்கள் செத்தவீட்டுக்கு வந்து ஓரமாக நின்றதைக் கண்டேன்.

பூமணி மாமியின் மகன் ரூபனை அவர்கள் பிடித்துக்கொண்டு போன அன்று அவ எங்கள் வாசலுக்குத்தான் ஓடிவந்தா. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் உவங்களோடை இருந்தவன் தங்கச்சி. எனக்கு உவங்களைத் தெரியும். விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள். நீ அங்கை இங்கை ஓடிப் பெரிசாக்காதை." மற்றத் தாய்மார் அரசாங்கக் கச்சேரி, கோயில், செஞ்சிலுவை வெள்ளைக்காரர் என்று கிடைத்த இடமெல்லாம் ஓடி முறையிட்டபோது, அவ உங்கள் சொல்லை நம்பி வீட்டில் இருந்தா. நீங்கள் தெரியும் என்று சொன்ன பட்டாளம் வேறு, அப்பா. நீங்கள் சோறாக்கிப் போட்ட பட்டாளம் அது. அந்தப் பிழையை அவ மன்னிக்கவில்லை. ரூபன் திரும்பி வராமல் போன பிறகும் நீங்கள் முகாமுக்குப் பாண் கொண்டுபோனதை அதைவிட மன்னிக்கவில்லை.

அவவுக்குத் தெரியாததைத்தான் நான் இத்தனை காலமும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தினமும் தனியாக ஒரு மொறுமொறுப்பான றோஸ் பாணை என்னைக்கொண்டு கடதாசியில் சுற்றுவித்தீர்கள். "ரூபனுக்கு" என்று காவலில் நிற்கிறவனிடம் நீட்டுவீர்கள். அவன் வாங்கமாட்டான். திருப்பிக் கொண்டுவருவீர்கள். அடுத்த நாளும் சுற்றச் சொல்வீர்கள். ஒரு நாள் திரும்பி வந்து, போறணை வாயடியில் குந்தியிருந்து, பார்சலை நீங்களே பிரித்துப் பாணைப் பிய்த்து நெருப்புக்குள் போட்டீர்கள். உள்ளே சமைக்கிற பொடியன் ஒருவன் உங்களை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், அந்தப் பிள்ளைக்கு இனிக் கொண்டுவரவேண்டாம் ஐயா என்று சொன்னானாம். வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்று கேட்டீர்களாம். அவன் குனிந்துகொண்டு இல்லை என்றானாம்.

மாமியிடம் போய்ச் சொல்லுவோம் என்று நான் எழும்பினேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"நான் கண்ணாலை காணேல்லை. உடம்பும் இல்லை. ஒரு குசினிக்காரன் சொன்ன அரை வசனத்தை வைச்சு, ஒரு தாயைப் பாத்து அழு எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? அவன் பிழையாச் சொல்லியிருந்தால்?"

"அப்ப இனியும் ஏன் அவங்களுக்குப் பாண் குடுக்கப் போறியள்?"

"உள்ளை வேறை ஆரும் இருந்தால்?"

அந்தக் கதையை நான் மாமியிடம் கொண்டுபோகவில்லை. நீங்களும் கொண்டுபோகவில்லை. மாமி ஒழுங்கையில் உங்களைக் கண்டால் காறித் துப்புவா. நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கி, அவ கடந்து போகும் வரைக்கும் நிற்பீர்கள். எத்தனை வருடம்! அந்த ஒரு பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெயர் நிமிர்ந்திருக்கும். சொல்லாமலே போய்விட்டீர்கள். அது பெருந்தன்மையா, பயமா, அவவுக்குக் கொடுத்த வாக்குப் பொய்த்த வெட்கமா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது அப்பா. இந்தத் துடக்கு நாட்களில் அதுதான் கூடுதலாக இருக்கிறது.

நேற்று மாமி பாணை வாங்கிய பிறகும் போகாமல் நின்றா. அலுமாரிக் கண்ணாடியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தா. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டா.

"கொப்பர் கடைசியா என்ரை ரூபனைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?"

"இல்லை மாமி."

அது பொய்யில்லை. கடைசி நாட்களில் நீங்கள் எதைப் பற்றியும் கதைக்கவில்லை. ஆனால் அவ கேட்டது அதுவல்ல என்று அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனா. அதையே யோசித்துக்கொண்டு நின்று ஒரு தட்டைக் கருக விட்டுவிட்டேன்.

உங்களுக்கு முப்பத்தொன்று செய்ய எனக்கு வழிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எத்தனையாம் நாள் என்று எண்ணுகிறேன், வெள்ளை உடுத்திருக்கிறேன், சித்தப்பாவோடு சண்டை பிடிக்கிறேன், முடிந்ததும் வீடு கழுவுவேன். மாமிக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அந்த அரை வசனம் உண்மையோ பொய்யோ, அதை நம்புவதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவ அவதான். நீங்களும் இல்லை, நானும் இல்லை. அவ அதைக் கேட்டுவிட்டு எங்கள் வாசலில் மண் அள்ளித் தூற்றலாம். இனிப் பாண் வாங்காமல் விடலாம், அவவோடு ஊரும் விடலாம். இவ்வளவு காலமும் வைத்திருந்தியேடி என்று என் கன்னத்தில் அறையலாம். அறையட்டும்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்க முதல் முடக்கு வீட்டுக்குப் போவேன், அப்பா. ஊர் வாசிக்க முதல் அவ என் வாயால் கேட்கவேண்டும். பெயர்களை மட்டும் மாற்றிவிடுகிறேன். நீங்கள் பிடித்த கையை இந்த ஒரு தடவை உதறிவிட்டுப் போகிறேன், மன்னியுங்கள். உங்கள் பெயரைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். அது அவவின் பிள்ளையின் செய்தி. எங்கள் வீட்டில் இருந்தது போதும்.

முடக்கு வீட்டுக்குப் புறப்படுகிற,
உங்கள் மூத்த மகள்
வதனி