கை நடுங்காத ஞாயிற்றுக்கிழமை

அன்பு மாறாத ஞானமுத்து அண்ணாச்சிக்கு,

தம்பி பேச்சிமுத்து சொல்லச் சொல்ல, உங்கள் மகள் எஸ்தர் எழுதுகிறாள். வருகிற வெள்ளியோடு நீங்கள் போய் ஒரு வருஷம். நினைவு நாளுக்குச் சின்னதாக ஒரு புத்தகம் அடிக்கிறார்களாம். "சித்தப்பா, அப்பாவுக்கு நீங்களும் நாலு வரி சொல்லுங்க" என்று பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். மதினி உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் கேட்கிறது.

முதலில் ஊர்ச் சேதி. பாளையங்கோட்டை ஆபீஸ்களில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தாயிற்று. எழுந்திருக்கும்போது குமாஸ்தாக்களின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நான் இன்னமும் பேட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்துத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது அல்லவா? கண் தெரியாத நீங்கள் நாற்காலிக்குப் பிரம்பு பின்னினீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத நான் கைவண்டி தள்ளினேன். ஒரு தடவை ஒரே ஆபீசிலிருந்து நாற்பத்திரண்டு நாற்காலி. எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டித் தரட்டுமா என்று ஹெட் கிளார்க் கேட்டார். "பேச்சிக்கு எதுக்கு சார் சீட்டு? அவன் தலையே ரிஜிஸ்டருல்லா" என்றீர்கள். பின்னி முடித்துக் கொண்டுபோய், எந்த நாற்காலி எந்த ஜன்னலடியில் இருந்ததோ அங்கேயே போட்டேன். என்னைச் சோதிக்க வேண்டுமென்று ஒருவர் இரண்டை மாற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் சரியாக்கி வைத்திருந்தேன். பீடிச் சூடு பட்ட கை எது, கால் ஆடுவது எது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

சொல்வேன் என்றுதான் இருந்தேன்.

எஸ்தர் பெங்களூரில் எலியின் மூளையைப் பார்த்து வேலை செய்கிறாள் என்று முதன்முதலில் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? எலி தலைக்குள் முடியைவிட மெல்லிய கம்பி வைப்பார்களாம். எலி கூண்டில் ஒரு மூலைக்குப் போனால் மூளையில் ஒரு உயிரணு 'பட்பட்' என்று அடிக்குமாம், இன்னொரு மூலைக்குப் போனால் வேறொன்று. இப்படி ஊரையே ஒரு படமாக உள்ளே வைத்திருக்குமாம். விளக்கை அணைத்தாலும் அந்த அணு அடிப்பது நிற்காதாம். நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். "ஏ பிள்ள, இருட்டுல வழி தெரியும்னு எங்கிட்ட கேட்டா நானே சொல்லியிருப்பேனே. அந்த எலியாவது பிழைச்சிருக்கும்."

அன்றைக்கு நானும் சிரித்தேன். இந்த வாரம் அவள் சொன்னதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து, மதினியைக் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். மதினிக்கும் உங்களைப் போலவே கண் தெரியாது, முட்டும் மடங்குவதில்லை. அதனால் அவர்கள் நின்று ஜெபம் பண்ணுவார்கள், மாலையை நான் வைப்பேன். உங்கள் பிரம்பு நாரில் அவர்களே கட்டிய சாமந்தி மாலை. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று மதினிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இடம்தான் அடையாளம். அது என் தலையில் இருக்கிறது, போதும் என்றிருந்தோம்.

புதன்கிழமை எஸ்தர் வந்தாள். தனியாக உங்களைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டாள். "சித்தப்பா, ஞாயித்துக்கிழமை போனிய இல்லா? அப்பா கல்லறையில பூவே இல்ல. ரெண்டு வரிசை தள்ளி யாருக்கோ நம்ம வீட்டு மாலை கிடக்கு. பிரம்பு நாரு."

"ஆடு மேயுதுல்லா அங்கன. இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றேன். உங்கள் மகளிடம் நான் சொன்ன முதல் பொய்.

மறுநாள் காலையில் ஒருவரிடமும் சொல்லாமல் நான் மட்டும் போனேன். வாசலில் நுழைந்து, தலை சொன்ன வழியில் நடந்தேன். எங்கும் நிற்கவில்லை. மாலை கிடந்த இடத்தில் போய்த்தான் நின்றேன். வாடிய சாமந்தியைக் கண்ணால் பார்த்த பிறகும் தலை சொல்லுகிறது, இதுதான் அண்ணாச்சி என்று. காவல்காரரைக் கூப்பிட்டுக் கல்லைப் படிக்கச் சொன்னேன்.

"இது யாரோ ஒரு அம்மால்லா வே! உம்ம அண்ணாச்சி எப்பம் பொம்பளையானாரு?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் வெயிலில் நின்றேன். வேர்க்கவில்லை அண்ணாச்சி, குளிர்ந்தது.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது எஸ்தர் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். இதையெல்லாம் அறியாமல்தான் சொன்னாள். வயதான எலியைப் பழகின கூண்டிலேயே விட்டாலும், சில நேரம் உள்ளே வேறு படம் விரிந்துவிடுமாம். அதை வைத்துக்கொண்டு அது தப்பான மூலைக்குப் போகுமாம்.

"தப்புன்னு அதுக்குத் தெரியாதா தாயி?"

"அதுட்ட கேக்க முடியாதே சித்தப்பா. ஆனா சில எலி தயங்காமத்தான் போகுது."

அதிலிருந்து தூக்கம் சரியில்லை. மறந்து போவதென்றால் எனக்குத் தெரியும். ஒரு பேர் வராது, தேடுவோம், பிறகு வரும். இதில் தேடவே தோன்றவில்லையே. நாளைக்கு இன்னொருவர் வீட்டுக்குள் போய், என் வீடு என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டால்? மதினி கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடுவில் இறங்கி, இதுதான் நடைபாதை என்று நின்றுவிட்டால்? நீங்கள் எனக்குள் எந்த மூலையில் இருக்கிறீர்கள்? அந்த மூலை மாறினால் நான் யாரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்?

எஸ்தரின் பேனா நின்றுவிட்டது.

"எழுதும்மா" என்றேன். "ஒங்கப்பாட்டயும் ஒங்கிட்டயும் தனித்தனியாச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. ஒரே தடவையா ஆவட்டும்."

"இதை மனசுலயே வச்சிருந்தியளா சித்தப்பா?"

"சொன்னா என்னை வெளிய விடமாட்டிய. மதினியை யாரு கூட்டிட்டுப் போவா?"

உள்ளே கீரை உருவுகிற சத்தமும் நின்றிருந்தது. மதினி நிலைப்படியைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி."

"எப்படி மதினி?"

"அவருக்குப் பக்கத்துல மதில் இருக்குல்லா? நான் ஜெபம் பண்ணுனா என் சத்தம் அதுல பட்டு எனக்கே திரும்பி வரும். அன்னைக்கு வரல. சத்தம் அப்படியே வெட்டவெளியில போயிட்டு."

"அப்பவே சொல்லியிருக்கப்படாதா?"

"என்னன்னு சொல்ல? நீங்க ஒரு எட்டு தயங்குனா கேட்டிருப்பேன். ஒங்க கை நடுங்கவே இல்ல. அதான் எனக்குப் பயமாயிட்டு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்த அம்மாவுக்கும் ஒரு ஜெபம் கிடைக்கட்டும்னு முடிச்சுக்கிட்டேன்" என்றார்கள்.

மூன்று பேரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம். "எனக்கு எலியைத்தான் தெரியும் சித்தப்பா. ஒங்களுக்கு என்னன்னு அவங்கதான் சொல்லணும்" என்று எஸ்தர் மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர்கள் என்ன சொல்வார்களோ, அதை நான் எத்தனை நாள் ஞாபகம் வைத்திருப்பேனோ தெரியாது. "ஒங்கப்பாட்ட சொன்னதுல ஒண்ணையும் விடாத" என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தில் வரட்டும். நான் மறந்தாலும் படிக்கிறவர்கள் யாராவது என்னைத் தெருவில் பார்த்தால், எங்கே போகிறீர் என்று கேட்கட்டும்.

அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சந்தேகம் வரும்போது வழி கேட்பது எல்லோரும் செய்கிறதுதான். நான் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறபோது கேட்பேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு நாங்கள் வருவோம். நான் இதுதான் என்று சொன்னாலும் மதினி முதலில் ஜெபம் பண்ணட்டும். அவர்கள் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பிய பிறகுதான் பூவைக் கீழே வைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கூடப் பிறக்காத தம்பி
பேச்சிமுத்து
(கைநாட்டு)